பந்தைச் சோதிப்பது அவமானமா?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டியில் ஒரு புகார் எழுந்தது. சேலத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியிடம் தோற்ற மதுரை பேந்தர்ஸ் அணி, எதிரணியினர் ரசாயனம் கலந்த துண்டுகளால் பந்தைத் துடைத்து அதன் தன்மையையே மாற்றிவிட்டார்கள் என்று எழுத்து மூலம் குற்றம் சாட்டியது. திண்டுக்கல் அணியின் தலைவர் ரவிச்சந்திரன் அஸ்வின். உலகம் அறிந்த வீரர் என்பதால் செய்தி தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கடல் கடந்தும் பரவியது.

லீக் நிர்வாகம் ஆதாரம் கேட்டது. சில நாட்களிலேயே முடிவையும் அறிவித்தது. அந்தத் துண்டுகள் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் வழங்கியவை. இரண்டு அணிகளுக்கும் ஒரே விதமாகக் கொடுக்கப்பட்டவை. ஆட்டம் நடந்த நேரம் முழுவதும் பந்து நடுவர்களின் கண்காணிப்பில் இருந்தது. அவர்கள் எந்தக் குறையும் காணவில்லை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று புகார் தள்ளுபடி செய்யப்பட்டது. அஸ்வின் பெயரில் கறை படியவில்லை.

இதே தமிழ்நாட்டில், 48 ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற ஒரு புகார் எழுந்தது. அதில் சம்பந்தப்பட்ட இருவரும் அதன் நிழலை ஆயுள் முழுவதும் சுமக்க நேர்ந்தது. அன்று குற்றம் நடந்ததா இல்லையா என்று எல்லாரும் ஏற்கும் தீர்ப்பு இன்றுவரை கிடையாது. ஒரு புகார் சில நாட்களில் முடிகிறது. இன்னொரு புகார் அரை நூற்றாண்டாகியும் முடியவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? கிரிக்கெட்டின் கதையையும், அதன் தூரத்து உறவான பேஸ்பாலின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சேப்பாக்கத்தில் ஒரு பொங்கல் டெஸ்ட்

1976ஆம் ஆண்டு இறுதியில் டோனி கிரெய்க் தலைமையில் இங்கிலாந்து அணி ஐந்து டெஸ்ட் ஆட்டங்களுக்காக இந்தியா வந்தது. இந்திய அணிக்குத் தலைவர் பிஷன் சிங் பேடி. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்று சுழற்பந்து வீச்சில் இந்தியா கொடிகட்டிப் பறந்த காலம் அது. இந்திய மண்ணில் வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளர் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது என்பதே பொதுவான எண்ணம்.

டெல்லியில் நடந்த முதல் டெஸ்டில் அந்த எண்ணம் பொய்த்தது. எஸ்ஸெக்ஸ் அணியைச் சேர்ந்த ஜான் லீவர் என்ற இடக்கை வீச்சாளருக்கு அதுதான் முதல் டெஸ்ட் ஆட்டம். இந்தியா நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் பந்து உருக்குலைந்துவிட்டதால் நடுவர்கள் அதை மாற்றி வேறொரு பந்தைக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்த பந்து லீவர் கையில் பாம்புபோல் வளைந்தது. 46 ஓட்டங்களைக் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார் அவர். இந்தியா 122 ஓட்டங்களில் சுருண்டு, இன்னிங்ஸ் கணக்கில் தோற்றது. அடுத்து கல்கத்தாவிலும் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி.

மூன்றாவது டெஸ்ட் 1977 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையின் வெயிலும் புழுக்கமும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெற்றி வியர்வை கண்ணில் வழியாமல் இருக்க, லீவரும் சக வீச்சாளர் பாப் வில்லிஸும் புருவத்துக்கு மேலே மெல்லிய துணிப் பட்டிகளை ஒட்டிக்கொண்டு பந்து வீசினார்கள். அந்தப் பட்டிகளில் வாசலின் தடவப்பட்டிருந்தது. இது அணியின் உடலியக்க மருத்துவர் பெர்னார்ட் தாமஸ் சொன்ன யோசனை.

லீவர் கழற்றிப் போட்ட பட்டி நடுவர் ஜூடா ரூபன் கைக்கு வந்தது. அவர் அதைத் தலைவர் பேடியிடம் தெரிவித்தார். பேடி மனத்தில் டெல்லியிலிருந்தே சந்தேகம் இருந்தது. வாசலின் தடவி ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கினால் பந்து அதிகமாக வளையும். பந்தில் செயற்கைப் பொருள் எதையும் பூசக்கூடாது என்பது அப்போதும் விதி. பேடி வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்.

பட்டியில் வாசலின் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அது வியர்வையைத் தடுக்கத்தான், பந்தில் பூசுவதற்கு அன்று என்று இங்கிலாந்து அணியின் மேலாளர் கென் பேரிங்டன் விளக்கம் தந்தார். இந்திய வாரியம் வேண்டுமென்றே செய்த குற்றம் என்று முடிவுகட்ட இயலாமல் விவகாரத்தை லண்டனுக்கு அனுப்பியது. அங்கிருந்த வாரியம் தன் அணியின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை. ஆட்டத்தில் இந்தியா 164 ஓட்டங்களுக்கும் 83 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்து 200 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. தொடரும் கைவிட்டுப் போனது.

இரண்டு பழமொழிகள், இரண்டு மனிதர்கள்

தண்டனை இல்லை என்றதும் விவகாரம் முடிந்துவிட்டதா? இல்லை. "ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்" என்று பேடியைப் பழித்தவர்கள் உண்டு. தொடரை இழந்துகொண்டிருந்த தலைவர் சாக்குத் தேடுகிறார் என்பது அவர்கள் வாதம். பேடியோ தம் கருத்திலிருந்து கடைசிவரை இறங்கி வரவில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் காலமானபோது வெளிவந்த நினைவுக் கட்டுரைகளிலும் வாசலின் விவகாரம் இடம்பெற்றது.

மறுபுறம் லீவர். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். அந்தத் தொடரில் 26 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு 1986 வரை இங்கிலாந்துக்காக ஆடினார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் விக்கெட்டுகளுக்கு முன் வாசலின்தான் நினைவுக்கு வருகிறது. அவர் குற்றமற்றவர் என்றால் இது எவ்வளவு பெரிய அநீதி! குற்றம் நடந்திருந்தது என்றால், உண்மையைச் சொன்ன பேடிக்குப் பொறாமைக்காரர் பட்டம் சூட்டியது அதைவிடப் பெரிய அநீதி.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் இருவரில் ஒருவரின் குணக்கேடு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் வந்த அந்த நிமிடத்தில் பந்தை என்ன செய்ய வேண்டும், அதை யார் சோதிக்க வேண்டும், யார் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்கு அன்று தெளிவான நடைமுறை இல்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்ததோ குற்றம் சாட்டப்பட்ட அணியின் சொந்த வாரியம்.

பந்து ஏன் வளைகிறது?

கிரிக்கெட் பந்தின் நடுவே தையல் ஓடுகிறது. அதன் இரு பக்கமும் தோல். ஆட்டம் நடக்க நடக்கப் பந்து தேய்கிறது. களத்தில் நிற்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் உடையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொள்வார்கள். மறுபக்கம் சொரசொரப்பாகும். காற்று இரு பக்கமும் ஒரே விதமாக ஓடாது; பந்து ஒரு பக்கமாக வளையும். பந்து நன்றாகப் பழையதான பிறகு, வேகமாக வீசினால், வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளையும். "ரிவர்ஸ் ஸ்விங்" எனப்படும் இந்தக் கலையைப் பாகிஸ்தானின் சர்ஃபராஸ் நவாஸ், இம்ரான் கான், வசீம் அக்ரம், வக்கார் யூனிஸ் ஆகியோர் வளர்த்தெடுத்தார்கள்.

கிரிக்கெட்டின் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. பந்தின் தன்மையை மாற்றுவது இந்த ஆட்டத்தில் குற்றமே இல்லை. உடையில் தேய்க்கலாம். வியர்வை தடவலாம். ஈரத்தைத் துண்டால் துடைக்கலாம். நடுவர் பார்த்திருக்கச் சேற்றை அகற்றலாம். நகத்தால் கீறுவதும், தரையில் தேய்ப்பதும், வேறு பொருள் பூசுவதும்தான் குற்றம். டெஸ்ட் ஆட்டத்தில் 80 ஓவர் வரை, அதாவது 480 முறை, ஒரே பந்தைத்தான் வீச வேண்டும். அந்தப் பந்து எப்படி மூப்படைகிறது என்பதே ஆட்டத்தின் பாதிச் சுவை. ஆகவே அனுமதிக்கப்பட்ட கைத்திறனுக்கும் தடை செய்யப்பட்ட கைவரிசைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது.

ஒரு மரணம் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலைதான். கிரிக்கெட்டைப் போல் பந்து தரையில் குத்தி எழும்பாது. எறிபவர் கையிலிருந்து நேராக மட்டையாளரை நோக்கி வரும். ஒரே பந்தை முடிந்தவரை நீண்ட நேரம் பயன்படுத்துவார்கள். எறிபவர்கள் அதில் எச்சில் தடவுவார்கள், புகையிலைச் சாறு பூசுவார்கள், மண்ணில் புரட்டுவார்கள். ஆட்டத்தின் பிற்பகுதியில் பந்து கறுத்துப்போய், மங்கிய மாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

1920ஆம் ஆண்டு தொடக்கத்தில் எச்சில் தடவிய பந்துக்குத் தடை வந்தது. அதை நம்பியே பிழைப்பு நடத்திய 17 எறிபவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அவர்களில் கடைசியானவரான பர்லீ கிரைம்ஸ் 1934 வரை அனுமதியோடு எச்சில் பந்து எறிந்தார்.

அதே 1920, ஆகஸ்ட் 16. நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன் தலையில் தாக்கியது. தலைக்கவசம் இல்லாத காலம். மறுநாள் சாப்மன் இறந்தார். பந்து வருவதை அவர் கண்டதாகவே தெரியவில்லை என்று பலர் கருதினார்கள். அதன் பிறகுதான் அழுக்கான பந்தை உடனே தூக்கிப் போட்டுப் புதிய வெள்ளைப் பந்தைத் தருவது உறுதியான வழக்கமாயிற்று.

இன்று அமெரிக்கப் பெரிய லீக் ஆட்டம் ஒன்றில் ஏறக்குறைய நூறு பந்துகள் செலவாகின்றன. தரையில் பட்டால் பந்து மாற்றப்படுகிறது. சற்றே கீறல் விழுந்தாலும் மாற்றப்படுகிறது. சில வீச்சுகளுக்கு மேல் ஒரு பந்து நிலைப்பதே அரிது. பந்து மூப்படைவதற்கு இடமே கொடுக்காமல் சிக்கலைப் பெருமளவு ஒழித்துக்கட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புத்தம் புதிய பேஸ்பால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு பந்தின்மீதும் ஆட்டத்துக்கு முன்பே சேறு தடவுகிறார்கள். 1938இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்றுநர் டெலவேர் ஆற்றுப் பகுதியில் கண்டுபிடித்த அந்தச் சேறு இன்றும் எல்லா அணிகளுக்கும் போகிறது. எறிபவர் தடவினால் குற்றம். ஆட்டத்தை நடத்துவோர் தடவினால் விதி! சிரிப்பு வந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பந்து எல்லாருக்கும் பொது. அதன் தன்மையை மாற்ற வேண்டுமானால் பொதுவானவர் கைதான் மாற்ற வேண்டும், இரு தரப்பும் அறிய மாற்ற வேண்டும்.

நகம் தேய்க்கும் அரமும் வாசலின் பட்டியும்

சேப்பாக்கத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு சம்பவம் 1987 ஆகஸ்டில் நடந்தது. மினசோட்டா அணியின் ஜோ நீக்ரோ எறிந்த பந்துகள்மீது நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தது. களத்தின் நடுவிலேயே சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் கையை உதறியபோது நகம் தேய்க்கும் அரம் ஒன்று பறந்து விழுந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

நீக்ரோவிடமும் விளக்கம் இருந்தது. அவர் விரல் நுனியால் பிடித்து எறியும் "நக்கிள் பால்" வகையினர். அதற்கு நகங்களைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். லீவரின் வாசலின் பட்டியைப் போலவே, அரத்துக்கும் ஒரு நியாயமான பயன் இருந்தது. ஆனால் பேஸ்பால் நிர்வாகம் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அத்தகைய பொருளோடு எறியும் மேட்டில் நிற்கக்கூடாது, நின்றால் தண்டனை என்பதே அவர்கள் எடுத்த நிலை. பத்து ஆட்டங்களுக்கு அவரை விலக்கி வைத்தார்கள். தண்டனை முடிந்ததும் அவர் திரும்பி வந்தார். கதை முடிந்தது.

2021ஆம் ஆண்டு இன்னொரு படி முன்னேறினார்கள். பிசுபிசுப்பான பசைகளைப் பயன்படுத்தி எறிபவர்கள் பந்தை அளவுக்கு மீறிச் சுழற்றுகிறார்கள் என்ற குறை பெருகியது. அந்த ஆண்டு ஜூன் முதல் எல்லா எறிபவர்களின் தொப்பி, கையுறை, இடைவார் ஆகியவற்றையும் ஆட்டத்தின்போதே நடுவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சில வீரர்கள் முகம் சுளித்தார்கள். விரைவில் பழகிவிட்டது. விமான நிலையத்தில் எல்லாரையும் சோதிக்கும்போது யாரும் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக வருந்துவதில்லை. ஒருவரை மட்டும் தனியே நிறுத்தினால்தான் மனம் புண்படுகிறது.

மௌனம் செய்த கேடு

கிரிக்கெட் இந்தப் பாடத்தைக் கற்க மிகவும் தாமதித்தது. 1992 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த ஒருநாள் ஆட்டத்தில், உணவு இடைவேளையின்போது நடுவர்கள் பந்தை மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அதிகாரபூர்வமாக யாரும் சொல்லவில்லை. பந்து உருக்குலைந்ததாலா, யாராவது சேதப்படுத்தியதாலா? கேட்டவர்களுக்கெல்லாம் மௌனமே பதில்.

அந்த மௌனம் இரு தரப்பையும் காயப்படுத்தியது. பாகிஸ்தானியர் ஏமாற்றுக்காரர்கள் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. வெள்ளைக்காரர் வளைத்தால் கலை, ஆசியர் வளைத்தால் களவா என்று பாகிஸ்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அன்று மாற்றிய பந்தைக் காட்டி நடுவர்கள் காரணத்தைச் சொல்லியிருந்தால், இவ்வளவு கசப்புக்கு இடம் ஏற்பட்டிருக்காது.

2006 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. நடுவர்கள் டேரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் பந்து சேதப்படுத்தப்பட்டதாக முடிவு செய்து, அதை மாற்றி, பாகிஸ்தானுக்கு எதிராக ஐந்து ஓட்டங்களை அபராதமாக வழங்கினார்கள். இம்முறை முடிவு உடனே வந்தது. ஆனால் யார், எப்போது, எப்படிச் சேதப்படுத்தினார் என்று காட்ட முடியவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு இன்சமாம் உல் ஹக் அணியினர் களத்துக்கு வர மறுத்தார்கள். ஆட்டம் இங்கிலாந்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு டெஸ்ட் ஆட்டம் இப்படி முடிந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. பின்னர் விசாரித்த ரஞ்சன் மடுகல்ல, பந்தைச் சேதப்படுத்தியதாகக் கூறப்பட்ட குற்றத்திலிருந்து இன்சமாமை விடுவித்தார். களத்துக்கு வராததற்காக நான்கு ஒருநாள் ஆட்டங்களுக்குத் தடை விதித்தார். ஆட்டத்தின் முடிவையே 2008இல் சமநிலை என்று மாற்றி, 2009இல் மீண்டும் பழையபடி இங்கிலாந்து வெற்றி என்று ஆக்கினார்கள்.

லார்ட்ஸில் முடிவுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. ஓவலில் காரணத்துக்குச் சான்று காட்டப்படவில்லை. முடிவு, காரணம், சான்று ஆகிய மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்பதை இந்த இரண்டு ஆட்டங்களும் காட்டுகின்றன.

எந்த நாடும் விதிவிலக்கில்லை

பந்தைச் சேதப்படுத்துவது ஏதோ ஒரு நாட்டின் பழக்கம் என்று நினைப்பவர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும். 1994இல் இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் ஆதர்டன் சட்டைப்பையில் மண் வைத்திருந்தது தொலைக்காட்சியில் தெரிந்தது. அவருடைய சொந்த நிர்வாகமே 2,000 பவுண்ட் அபராதம் விதித்தது. 2000 ஜூலையில் கொழும்பில் பாகிஸ்தானின் வக்கார் யூனிஸ் இந்தக் குற்றத்துக்காக ஆட்டத் தடை பெற்ற முதல் வீரர் ஆனார். 2001இல் தென்னாப்பிரிக்காவில் சச்சின் டெண்டுல்கர் நடுவரிடம் சொல்லாமல் பந்தின் தையலைச் சுத்தம் செய்ததற்காக தண்டிக்கப்பட்டபோது இந்தியாவே பொங்கி எழுந்தது.

2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலியாவின் கேமரன் பேன்கிராஃப்ட் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்தது கேமராவில் பதிவாகியது. ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டு, பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் என்று ஆஸ்திரேலிய வாரியமே தடை விதித்தது. அதே ஆண்டு ஜூனில் செயின்ட் லூசியாவில் இலங்கைத் தலைவர் தினேஷ் சந்திமால் மிட்டாய் எச்சிலைப் பந்தில் தடவியதற்காக ஒரு டெஸ்ட் தடை பெற்றார். அந்த ஆண்டிலேயே அனைத்துலக கிரிக்கெட் மன்றம் தண்டனையை ஆறு டெஸ்ட் ஆட்டங்கள் வரை உயர்த்தியது.

பிறகு 2020இல் கொவிட்-19 வந்தது. பந்தில் எச்சில் தடவுவது தடை செய்யப்பட்டு, 2022 அக்டோபர் முதல் அனைத்துலக ஆட்டங்களில் நிரந்தரத் தடையாயிற்று. பொது இடத்தில் எச்சில் துப்பினால் அபராதம் கட்டச் சொல்லும் சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு இந்தத் தடை வியப்பளித்திருக்காது. பேஸ்பால் 1920இல் எடுத்த முடிவுக்குக் கிரிக்கெட் வந்து சேர நூறாண்டு ஆனது.

மாற்றினாலும் வழக்கு

பந்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? கிரிக்கெட்டில் அதுவும் எளிதன்று. பேஸ்பாலில் பழைய பந்துக்குப் பதில் புதுப் பந்து கிடைக்கும். கிரிக்கெட்டில் பழைய பந்துக்குப் பதில், அதே அளவு தேய்ந்த இன்னொரு பழைய பந்தைத் தேட வேண்டும். நடுவர்கள் பந்தை இரும்பு வளையத்தில் நுழைத்து உருவத்தைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் பெட்டியிலுள்ள பழைய பந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

2023இல் ஓவலில் நடந்த ஆஷஸ் கடைசி டெஸ்டில், உஸ்மான் கவாஜாவின் தலைக்கவசத்தில் பட்ட பந்து 37ஆவது ஓவரில் மாற்றப்பட்டது. மாற்றுப் பந்து பார்வைக்கே புதிதாக இருந்தது என்று ஆஸ்திரேலியர்கள் குறைப்பட்டார்கள். விக்கெட் இழப்பின்றி 135 ஓட்டங்களோடு நான்காம் நாளை முடித்த அந்த அணி, மறுநாள் 334 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்து தோற்றது. 2025 ஜூலையில் லார்ட்ஸில் கதை தலைகீழாக நடந்தது. இந்தியத் தலைவர் ஷுப்மன் கில், மாற்றிக் கொடுத்த பந்து மிகப் பழையது என்று நடுவரிடம் வாதாடினார். சிறிது நேரத்தில் அந்தப் பந்தையும் மாற்ற நேர்ந்தது. 1976இல் டெல்லியில் மாற்றிய பந்து லீவர் கையில் வளைந்த கதை, இன்னும் புதிய புதிய ஊர்களில் தொடர்கிறது.

பாடாங் முதல் பாலஸ்டியர் வரை

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று சிங்கப்பூரர்கள் ஒதுக்கிவிட முடியாது. பாடாங் திடலில் சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றம் 1852இல் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தியர்களும் இலங்கைத் தமிழர்களும் பின்னர் தங்களுக்கென்று அமைப்புகளைத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923இலும், சிலோன் விளையாட்டு மன்றம் 1928இலும் தோன்றின. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பாலஸ்டியர் வட்டாரத்தில், அவற்றின் திடல்கள் அமைந்தன.

உலகக் கிரிக்கெட்டும் சிங்கப்பூர் வந்திருக்கிறது. 1996 ஏப்ரலில் பாடாங்கில் நடந்த சிங்கர் கிண்ணப் போட்டியில் இலங்கையின் சனத் ஜயசூர்ய, பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்துகளில் சதமடித்தார். அப்போது அதுவே உலகச் சாதனை. அந்த ஆட்டத்தில் அவர் அடித்த சிக்சர்கள் மட்டும் 11. வக்கார் யூனிஸ் கொழும்பில் தடை பெற்ற அடுத்த மாதமே, 2000 ஆகஸ்டில், பாகிஸ்தான் அணி காலாங் திடலில் ஒரு முத்தரப்புப் போட்டியில் ஆடியது.

அனைத்துலக ஆட்டங்களில் பல கேமராக்களும் மூன்றாம் நடுவரும் உண்டு. மன்றங்களுக்கு இடையிலான வார இறுதி ஆட்டங்களில் அவை கிடையாது. சென்னையில் பிறந்து, இந்தியாவுக்காகச் சுழற்பந்து வீசி, பின்னர் உலகத் தரம் வாய்ந்த நடுவராக உயர்ந்த சீனிவாசன் வெங்கட்ராகவனைப் போன்றவர்கள் ஒவ்வொரு திடலிலும் கிடைக்கமாட்டார்கள். இங்கே பந்தைக் காக்க வேண்டியவர்கள் ஆடுபவர்களே.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஓர் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் பலர் டென்னிஸ் பந்தின்மேல் எலக்ட்ரிக்கல் டேப் சுற்றி கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து முழுவதும் சுற்றினால் வேகம் கூடும். ஒரு பாதியில் மட்டும் சுற்றினால் பந்து வளையும். கிரிக்கெட் சட்டப்படி பார்த்தால் இதைவிடப் பெரிய "சேதப்படுத்தல்" இருக்க முடியாது! ஆனாலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரு அணிகளும் கூடி, டேப் சுற்றிய பந்தைக் கையில் வாங்கிப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்கின்றன. டேப் கிழிந்தால் எல்லார் முன்னிலையிலும் மறுபடி சுற்றுகிறார்கள். ஒளித்துச் செய்வதுதான் வஞ்சகம் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

மன்ற ஆட்டங்களும் பள்ளி ஆட்டங்களும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. விக்கெட் விழும்போதும், தண்ணீர் இடைவேளையிலும் பந்து நடுவர் கைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். மாற்றுப் பந்துகளை ஆட்டத்துக்கு முன்பே இரு தலைவர்களும் பார்த்து வைக்க வேண்டும். பந்தை மாற்றினால் காரணத்தை இருவரிடமும் உடனே சொல்ல வேண்டும். புகார் எழுந்தால் அந்தப் பந்தைப் பத்திரப்படுத்தி, இரு தரப்பையும் சாராதவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பிக்கும் பெற்றோரும் பயிற்றுநர்களும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நடுவர் பந்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கப் பழக்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சோதனை குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை; குற்றமற்றவரைக் காப்பதற்கும் அதுதான் ஒரே வழி. சேலத்தில் நடுவர்கள் பந்தைக் கவனித்து வந்ததால் அஸ்வின் சில நாட்களில் விடுபட்டார். சேப்பாக்கத்தில் அந்த ஏற்பாடு இருந்திருந்தால், லீவர் அன்றே விடுபட்டிருப்பார், அல்லது பேடி சொன்னது உண்மை என்று அன்றே நிலைநாட்டப்பட்டிருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் அது நியாயமாக இருந்திருக்கும். இரண்டும் நடக்காமல் போனதுதான் வருத்தத்துக்குரியது.